முழக்கணக்கும் கணுக்கணக்கும்

திருகோணமலை,
மழை விட்ட ஒரு கார்த்திகை இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள் என்று படித்ததும் எனக்குத்தான் வயது போய்விட்டது. இங்கே அடைமழை. கோட்டைப் பக்கத்து மான்கள் கடை விறாந்தைகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

இரவுதோறும் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஸிப் கோப்பாக்கி வன்தட்டில் பிரதி எடுக்கிறாயாம். முதலில் அந்த ஸிப்பை நிறுத்து.

நான் கணக்கெழுதும் கருவாட்டு மொத்தக் கடையின் தரவு, பற்றுச்சீட்டுப் படங்களோடு சேர்த்து, ஒரே கோப்பாக 40 ஜிபி. தினம் முழுதாக எடுத்தால் 1 டெராபைட் தட்டு 25 நாளில் நிரம்பிவிடும். அன்றைக்கு மாறியதோ ஒரு கைப்பிடிச் சீட்டுகள். மாறாத கோப்பை மறுபடி எழுதாமல் பழைய பிரதியையே சுட்டிக்காட்டும் ஹார்ட் லிங்க் முறையும் உதவவில்லை. ஓர் எழுத்து மாறினாலும் அது முழுக் கோப்பையும் மறுபடி எழுதும்.

இப்போது போர்க் (Borg) என்ற பிரதியெடுக்கும் மென்பொருளைப் பாவிக்கிறேன். 2015இல் அட்டிக் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது, இலவசம். அது கோப்பை முழம் போட்டு வெட்டுவதில்லை. கரும்பைப் போலக் கணுப் பார்த்து வெட்டுகிறது. முழக்கணக்கில் வெட்டினால், நடுவில் இரண்டு வரி நுழைந்தாலே பின்னால் வரும் துண்டெல்லாம் இடம் பெயர்ந்து புதியவையாகத் தெரியும். போர்க் பைட் பைட்டாக நகர்ந்து உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு, குறித்த பெறுமதி வரும் இடத்தில் வெட்டுகிறது. நடுவில் என்ன நுழைந்தாலும் மற்றக் கணுக்கள் அங்கேயேதான் இருக்கும். துண்டு சராசரி 2 எம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண். ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்காது. எனக்கு இரவுக்குச் சில நூறு எம்பியோடு முடிந்துவிடுகிறது.

ஸிப் செய்த கோப்பில் ஓரிடத்து மாற்றம் அடுத்து வரும் பைட்டுகளையும் கலைத்துவிடும்; பழைய கணு அகப்படாது. சுருக்குவதையும் கடவுச்சொல்லால் பூட்டுவதையும் வெட்டிய பிறகு போர்க்கே பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல்லை மட்டும் தொலைத்துவிடாதே, யாராலும் திறக்க முடியாது. என்னுடையது பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. ஐம்பது நாள் பிரதிகளும் ஒரே துண்டைப் பங்குபோட்டிருக்கும். அது பழுதானால் ஐம்பதும் கெடும். ஆகவே நிலாவெளியில் அக்கா வீட்டில் இரண்டாவது தட்டு. அதற்குத் தனியாகவே எடுக்கிறேன். முதல் தட்டை அப்படியே நகலெடுத்தால் பழுதும் கூடவே போய்விடும். ஞாயிறுதோறும் மடிக்கணினியோடு பஸ் ஏறுவதைப் பார்த்து அக்கா சிரிக்கிறாள். மீன் குழம்பும் கிடைக்கிறது.

போன மாதம் முதலாளி சித்திரை மாதச் சீட்டொன்றைக் கேட்டார். பழைய பிரதியிலிருந்து மீட்டுக் கொடுத்தேன். நீ இதுவரை ஒன்றையாவது மீட்டுப் பார்த்தாயா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்