15 சதவீதம் பிடிக்கத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியாதா?

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், ஆப் கடை
பொருள்: கணக்கு முடக்கம், நிலுவை 8,829 ரூபாய் 80 பைசா

ஐயா,

கம்பத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கிருந்து விடியற்காலையில் கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறவர்கள் ஏராளம். யார் வந்தார், எத்தனை கிலோ காய் எடுத்தார், முன்பணம் எவ்வளவு என்று கங்காணி நோட்டில் குறித்து வைப்பார். மழையில் நோட்டு நனையும், சம்பள நாளில் சண்டை வரும். அந்தக் கணக்கை போனில் வைக்கத்தான் ஒரு ஆப் செய்து உங்கள் கடையில் போட்டேன். தொழிலாளி தமிழில் பார்க்கலாம், கட்டப்பனை முதலாளி மலையாளத்தில் பார்க்கலாம். மாதம் 49 ரூபாய்; அதில் 15 சதவீதம், 7 ரூபாய் 35 பைசா, உங்கள் கமிஷன்.

போன மாதம் 212 பேர் பணம் கட்டினார்கள். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும்போது என் டெவலப்பர் கணக்கை முடக்கிவிட்டீர்கள். ஏற்கெனவே நீக்கப்பட்ட வேறொரு கணக்கோடு எனக்குத் தொடர்பாம். எந்தக் கணக்கு, என்ன தொடர்பு? அதைச் சொல்லவில்லை. என் லேப்டாப் உத்தமபாளையத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ஏதாவது செய்தாரோ என்னவோ. மேல்முறையீடு அனுப்பினேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது, முடிவில் மாற்றமில்லை என்று. போட்டு வைத்த டீ கூட ஆறவில்லை.

கமிஷன் எங்களுக்குப் புதிதல்ல. அப்பா திராட்சைக் கூடையைக் கமிஷன் கடையில் இறக்கினால், கழிக்கிற கூடையைக் கடைக்காரர் திறந்து காட்டுவார்: "அண்ணே, அடியில பாருங்க, ஈரம்." அப்பா முணுமுணுப்பார், ஆனாலும் அடுத்த முறை அங்கேதான் போவார். உங்களிடம் அந்த ஒரு வார்த்தைக்குக்கூட ஆள் இல்லை.

உங்கள் தொழிலில் உள்ள பெரிய நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் சிறு டெவலப்பர்கள் கூட்டாக வழக்குப் போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021-இல் ஆப்பிள் 10 கோடி டாலருக்கும், 2022-இல் கூகுள் 9 கோடி டாலருக்கும் சமரசம் பேசின. இரண்டுமே அமெரிக்க டெவலப்பர்களுக்கு மட்டும். இங்கே போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆப் கடையின் பில்லிங் (பணம் வசூலிக்கும்) விதிகளுக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது; 2025-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. சரி, அபராதம் அரசுக்குப் போகும். டெவலப்பர் கைக்கு என்ன வந்தது?

அந்தச் சண்டைகள் கமிஷனையும் பில்லிங்கையும் பற்றியவை. நான் கேட்பது அதைவிடச் சின்னது. எந்தக் கணக்கோடு தொடர்பு என்று எழுத்தில் சொல்லுங்கள். ஒரு மனிதர் என் கோப்பைப் படிக்கட்டும். நிலுவையை அனுப்புங்கள், அது 212 பேர் ஏற்கெனவே கட்டியதில் உங்கள் கமிஷன் போக மீதிப் பணம்.

வழக்கு என்றால் வெளிநாட்டு நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவரும் நுகர்வோர் என்று வாதிட இடம் இருக்கிறது. நுகர்வோர் என்றால் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 35ஆம் பிரிவில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே குறை உள்ள எல்லோருக்காகவும் ஒருவரே புகார் கொடுக்க வழி இருக்கிறது. இதே நான்கு நிமிடப் பதில் வாங்கிய இரண்டு பேரைப் போடியிலும் குமுளியிலும் கண்டுபிடித்துவிட்டேன்.

கம்பத்தில் இருந்து மாவட்டத் தலைநகர் தேனிக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது. 15 நாள் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஊழியர் யாரும் இல்லாத ஒற்றை ஆள் டெவலப்பர்,
கம்பம்