ஸ்லைடில் இருப்பதை வரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலைப் பற்றிய ‘புரோட்டியஸ்’ ஆவணப்படம் குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தை இரண்டு முறை பார்த்தவள் நான். 28 ஆண்டுகள் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவளும்கூட. சொல்வதற்கு இரண்டு விஷயம் இருக்கிறது.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு அச்சிட்ட ஓவியத்தின் கீழே ‘நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் உயிரி’ என்று போட்டிருந்தீர்கள். அது ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த இனம்; வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் பெயர் டெஸ்மோனீமா அன்னசேத்தே. ஹெக்கலின் மனைவி அன்னா சேத்தே 1864 பிப்ரவரி 16 அன்று, கணவரின் 30ஆவது பிறந்தநாளிலேயே இறந்துபோனார். அதன்பின் மத்தியதரைக் கடலோரம் போயிருந்தபோது ஒரு ஜெல்லி மீனின் இழைகள் அன்னாவின் கூந்தலை நினைவூட்ட, அதற்கு அவர் பெயரை வைத்தார் ஹெக்கல். மறுமணம் ஆகிப் பல ஆண்டுகள் கழித்து இன்னொன்றுக்கும் வைத்தார். நீங்கள் அச்சிட்டது அந்த இரண்டாவது.

இனி பெரியது. ‘கலையும் அறிவியலும் சிறு உரசல்கூட இல்லாமல் இவரிடம் கலந்தன’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

டேவிட் லெப்ரன் 2004இல் எடுத்த இந்த ஒரு மணி நேரப் படத்தின் உயிர், ஹெக்கல் வரைந்த ரேடியோலேரியாக்கள்தான். அவை கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிரிகள். மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ அதே சிலிக்காவால் கூடு கட்டுபவை. அந்த ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை வேகத்தில் ஓட விடுகிறார்கள். ஒரே உயிர் நட்சத்திரமாகி, மணியாகி, கூண்டாகி மாறுவதுபோல இருக்கிறது. கூட உட்கார்ந்து பார்த்த பேரன், “கம்ப்யூட்டர்ல பண்ணினதா பாட்டி?” என்றான். கையால் வரைந்தது என்றால் நம்பவில்லை.

அந்தக் கை கிட்டத்தட்ட அறிவியலை விட்டே போயிருக்கும். அப்பாவின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தவர், 1859இல் இத்தாலிக்குப் போய், காப்ரி தீவில் ஒரு கவிஞ நண்பரோடு சுற்றிக்கொண்டு, இயற்கைக் காட்சி ஓவியராகிவிடலாமா என்று யோசித்தார். அப்புறம் மெசினா துறைமுகத்தில் வலை வீசி எடுத்த கடல்நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி பிறந்தது. ஒரே குளிர்காலத்தில் 100க்கும் மேற்பட்ட புதிய ரேடியோலேரியா இனங்கள்! 1862இல் 35 செப்புத்தகட்டுப் படங்களோடு நூல் வந்தது. பிறகு, 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் ஆழத்திலிருந்து அள்ளி வந்த சேற்றில் இருந்த ரேடியோலேரியாக்களை இவரிடம் ஒப்படைத்தார்கள். சுமார் பத்து ஆண்டுகள் உழைத்து, 3,500க்கும் மேற்பட்ட புதிய இனங்களை 140 படத்தகடுகளோடு 1887இல் வெளியிட்டார். வரையத் தெரியாதவர் இத்தனை வேறுபாடுகளைக் கண்டே இருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். வரைய உட்கார்ந்தால்தான் முள் எத்தனை, துளை எத்தனை என்று கண் எண்ண ஆரம்பிக்கும்.

சரி, உரசல் எங்கே? 1868இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்றில் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் கருக்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி. காரணம், ஒரே அச்சுக்கட்டையை மூன்று முறை பதித்து மூன்று பெயர் எழுதியிருந்தார்கள்! பாசல் நகரத்து விலங்கியலாளர் ரூட்டிமேயர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அடுத்த பதிப்பில் மாற்றினார். 1874இல் வந்த இன்னொரு நூலில் மீன் முதல் மனிதன் வரை எட்டு உயிர்களின் கருக்களைப் பரிணாமத்துக்குச் சான்றாக வரிசையாக நிறுத்தினார். முதல் கட்டத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் அதைப் பிரதி எடுத்தன. 1997இல் கருவியல் ஆய்வாளர் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழுவினர் உண்மையான கருக்களின் ஒளிப்படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் எவ்வளவு சீராக்கியிருக்கிறார் என்பது பரவலாகத் தெரிந்தது. கருக்களிடையே ஒற்றுமை உண்டு, பரிணாமம் பொய்யாகிவிடவும் இல்லை. ஆனால் அவர் வரைந்த அளவுக்கு ஒற்றுமை இல்லை. அதே 1868 நூலின் முகப்புப் படத்தில் மனித முகங்களைத் தரம் பிரித்து, ஐரோப்பியரை உச்சியில் வைத்து, கறுப்பின மக்களைக் குரங்குகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் இதே கைதான். அழகான கோடு போடுகிறவர் என்பதால் இதையும் நம்பினார்கள்.

எனக்கு இதில் உறுத்தல் உண்டு. அந்தக் கரு வரிசையை ஆண்டுதோறும் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்தவள் நான். அழகாக வரைவேன், பிள்ளைகள் அழிக்க விடமாட்டார்கள். ஒரு கருவையாவது நான் நேரில் பார்த்து வரைந்ததில்லை.

பள்ளிகளில் ஓவியத்தை அறிவியலோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. கற்பிக்கட்டும். எங்கள் லேபில் நுண்ணோக்கி முன்னால் நான் ஓயாமல் சொன்னது, “ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கோ, ஸ்லைடில் இருப்பதை வரை” என்பது. ரெக்கார்டு நோட்டில் வந்ததெல்லாம் பாடநூல் படங்கள். ஒரே ஒரு மாணவி, ஹைட்ரா என்ற நன்னீர்ச் சிற்றுயிரியின் ஸ்லைடைப் பார்த்து, ஒரு உணர்நீட்சி பாதியில் அறுந்திருந்ததை அறுந்தபடியே வரைந்து வந்தாள். நான் சிவப்பு மையில் வட்டமிட்டு ‘முழுதாக வரையவும்’ என்று எழுதினேன். மறுநாள் புத்தகத்தைப் பார்த்து வரைந்து வந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த ஸ்லைடு இன்னும் லேப் அலமாரியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்