ஞாயித்துக்கிழமைய சம்பளக் கணக்குல சேர்க்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு பத்தி உங்க கல்விப் பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன், விசா, பிளாக்டு அக்கவுண்ட் (முன்கூட்டியே பணத்தப் போட்டுட்டு மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்கற கணக்கு) எல்லாம் தெளிவா போட்டிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா கடைசில, சனி ஞாயிறு சும்மாதானே இருக்கும், பார்ட் டைம் வேலை பார்த்து செலவ சமாளிச்சிடலாம்ங்கற மாதிரி ஒரு வரி வந்துச்சு பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. நான் ஜெர்மனில லைப்சிக்ல மாஸ்டர்ஸ் படிக்கிற கரூர் பொண்ணு. அந்த "சும்மா இருக்கும்" பத்தி கொஞ்சம் சொல்லணும்.

இங்க சனிக்கிழமை ராத்திரி கடை கண்ணி எல்லாம் மூடினா திங்கக்கிழமை காலைலதான் திறக்கும். ஞாயித்துக்கிழமை காலைல பேக்கரி கொஞ்ச நேரம் இருக்கும், ஓட்டல் இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும், பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்குற கடைங்க சிலது இருக்கும், அவ்ளோதான். சுவத்துல ட்ரில்லிங் மெஷின் வச்சா பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டுவாரு, புல்லு வெட்டுற மெஷின் ஓட்டக்கூடாது, காலி பாட்டில தெருமுனைத் தொட்டில போடக்கூட தடை, ஏன்னா கண்ணாடி உடையிற சத்தம் கேக்குமாம். வந்த புதுசுல இது என்னடா ஊரு, பால் வாங்க மறந்தா ஒரு நாள் முழுக்க காபி இல்லாமலா இருக்கறதுன்னு எனக்கு எரிச்சலாதான் இருந்துச்சு. ஆனா இது ஏதோ ஊர் வழக்கம் இல்லீங்க, அரசியல் சட்டத்துலயே இருக்கு. 1919ல எழுதின பழைய ஜெர்மன் அரசியல் சட்டத்துல, வைமார் சட்டம்பாங்க, ஞாயித்துக்கிழமை ஓய்வுக்கான நாளுன்னு இருந்த பிரிவ 1949ல இப்ப இருக்குற சட்டத்துக்குள்ளயும் அப்படியே எடுத்து வச்சுட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கலாம்னு பெர்லின்ல சட்டம் போட்டப்ப சர்ச்சுங்க கோர்ட்டுக்குப் போச்சு, 2009 டிசம்பர்ல அது செல்லாதுன்னு தீர்ப்பு வந்துடுச்சு. தொழிற்சங்கமும் இந்த ஒரு விஷயத்துல சர்ச் பக்கம்தான், சாமி கும்பிடறவங்களும் கொடி புடிக்கிறவங்களும் ஒண்ணா நிக்கிற அதிசயத்த நான் இங்கதான் பார்த்தேன். நம்ம ஊர்ல 2025 ஜனவரில ஒரு பெரிய கம்பெனித் தலைவர் ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்க முடியலையேன்னு வருத்தப்பட்டப்ப அந்த செய்திய கூட இருக்குற ஜெர்மன் பசங்ககிட்ட மொழிபெயர்த்து சொன்னேன், ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சாங்க.

வாரத்துல ஒரு மதியம் நான் டாஃபல்ங்கற உணவு வங்கில வாலன்டியரா போறேன். 1993ல பெர்லின்ல ஆரம்பிச்சது, இப்ப நாடு முழுக்க 900க்கு மேல இருக்கு, சூப்பர் மார்க்கெட்ல மிஞ்சினது, தேதி நெருங்கினது எல்லாத்தையும் வாங்கிப் பிரிச்சு வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு கொடுப்பாங்க. எனக்கு பிரிக்கிற வேலை. ஆரஞ்சு வலைப்பையில வரும், ஒரே ஒரு பழம் பூஞ்சை புடிச்சிருக்கும், அதுக்காக மொத்தப் பையையும் கடைக்காரன் ஒதுக்கிட்டான், நாம வலைய வெட்டி அந்த ஒண்ண தூக்கிப் போட்டுட்டு மத்தத ஒவ்வொண்ணா துணியால துடைச்சு பெட்டில அடுக்கணும், கை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை ராத்திரி வரைக்கும் போகாது. கூட வேலை செய்யறவங்க பாதிக்கு மேல ரிட்டையர் ஆனவங்க. அதுல ஒரு பாட்டி, வாய் ஓயாது, ஒவ்வொரு தடவையும் ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப் போறன்னு கேப்பாங்க. புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதணும்னேன் ஒரு தடவை. அத திங்கக்கிழமை எழுதும்மா, உனக்கு என்ன கெட்டுப்போகவா போகுதுன்னு பெட்டிய என் கையில திணிச்சாங்க. வாலன்டியர் ஷிஃப்ட்டுக்குக்கூட ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி அவங்க யாரையும் கூப்பிட்டு நான் பார்க்கல.

சரி, அப்படி என்னதான் பண்றேன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை காலைல துணி துவைக்கிறது, ஹாஸ்டல் பேஸ்மென்ட்ல இருக்குற மெஷினுக்கு வரிசை கட்டி நிக்கணும், அப்புறம் ஐசன்பான் தெருவுல இருக்குற அரபிக் கடை துருக்கிக் கடைங்கள்ல பருப்பு, கொத்தமல்லி, பச்சமிளகா. சில சனிக்கிழமை மூணு மணிக்கு தாமஸ் சர்ச்ல கோரஸ் பாடுவாங்க, இசையமைப்பாளர் பாக் 1723லேர்ந்து சாகற வரைக்கும் வேலை பார்த்த அதே சர்ச், டிக்கெட் சில யூரோதான், எனக்கு அந்த சங்கீதம் பாதி புரியாது ஆனா உக்காந்து கேக்கறதுக்கு நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழமை எந்திரிக்கிறதே பத்து மணிக்கு. புளிசாதம் கிளறி டப்பால போட்டுகிட்டு சைக்கிள்ல காட்டுப் பாதை வழியா கோஸ்பூடன் ஏரிக்குப் போவோம். அது ஏரியே இல்லீங்க, பழைய சுரங்கம், நம்ம நெய்வேலில தோண்டுற அதே பழுப்பு நிலக்கரிய தோண்டி எடுத்துட்டு அந்தப் பள்ளத்துல தண்ணிய நிரப்பி 2000ல மக்களுக்குத் திறந்து விட்டாங்க, இப்ப கண்ணாடி மாதிரி தண்ணி. ஒரு பக்கம் கரையில துணியே இல்லாம படுத்திருப்பாங்க, அது எங்க வீட்ல இன்னும் தெரியாது, இந்த வரிய நீங்க எடிட் பண்ணிட்டாலும் சரிதான். திரும்பி வர்றப்ப பார்க்குக்குள்ள ஒரு பாலம், வண்டி ஓடாது, வெயில் அடிச்சா ஊரே அந்தப் பாலத்து மேல தரையில உக்காந்திருக்கும், யாராவது கிடார் வாசிச்சுகிட்டு இருப்பாங்க, காலி பீர் பாட்டில பொறுக்கிட்டுப் போய் கடையில கொடுத்தா ஒண்ணுக்கு எட்டு சென்ட் கிடைக்கும்னு பை தூக்கிட்டு வர்ற வயசானவங்களும் அதே பாலத்துலதான் இருப்பாங்க. ராத்திரி எட்டேகாலுக்கு டிவில 1970லேர்ந்து ஓடுற ஒரு போலீஸ் தொடர், அத கிச்சன்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்து கொலைகாரன் யாருன்னு சண்டை போடறதோட நாள் முடியும்.

இத எழுதறப்பவே ஒரு உறுத்தல் இருக்கு. அந்த பாலத்துப் பக்கம் நான் உக்காந்திருக்கிற அதே நேரம் பெரிய பெட்டிய முதுகுல கட்டிகிட்டு சாப்பாடு டெலிவரிக்கு சைக்கிள் மிதிச்சுட்டுப் போறதுல நம்ம பசங்களும் இருக்காங்க. ஊரே வீட்ல இருக்குற நாளுன்னா ஆர்டர் நிறைய வரும்ல. நர்ஸு, டிராம் டிரைவர், ஓட்டல்ல பாத்திரம் கழுவறவங்க, இவங்களுக்கும் அந்த சட்டத்துல இருக்குற ஓய்வு வேற ஏதோ ஒரு நாள்லதான். பசங்க ஏன் போறாங்கன்னா ஆசைக்கு இல்லீங்க. விசாவுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்ட்ல காட்டணும், மாசம் 992 யூரோ கணக்கு, அத லோன் வாங்கி காட்டிட்டு வந்தா மாசாமாசம் வட்டி நிக்குது. கன்சல்டன்சிக்காரங்க கிளம்பறப்பவே அதெல்லாம் பார்ட் டைம்ல அடைச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பிடறாங்க. 2025ல இங்க குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 12.82 யூரோ, நம்ம ஊர்ல உக்காந்து ரூபாய்ல பெருக்கினா ஆயிரத்துக்கு மேல வருது, யாருக்குத்தான் கண்ணு விரியாது. ஆனா இந்தியாலேர்ந்து வர்ற மாணவங்க வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லன்னா 280 அரை நாள்தான் பொதுவா வேலை பார்க்கலாம்ங்கற வரம்பு, ஜெர்மன் சரியா பேச வரலன்னா கிடைக்கிற வேலையே கம்மி, குளிர் காலத்துல அதுவும் இருக்காது, இதெல்லாம் அந்தப் பெருக்கல்ல வராது. செமஸ்டர்ல அரியர் வச்சவங்க சில பேர்கிட்ட நான் பேசியிருக்கேன், யாரும் சோம்பேறி இல்ல, தூக்கம் இல்லாதவங்க.

அதனால ஒரே வேண்டுகோள்தான். அடுத்த தடவ செலவுப் பட்டியல் போடறப்ப பார்ட் டைம் சம்பளத்த வருமானப் பக்கத்துல எழுதாதீங்க. முதல் வருஷத்துக்கு ஒரு பைசா சம்பாதிக்க மாட்டாங்கன்னு வச்சு கணக்குப் போடச் சொல்லுங்க, கிடைச்சா அது மேல் வரும்படி. அந்தக் கணக்குக்கு வீட்டு நிலைமை ஒத்து வரலன்னா ஒரு வருஷம் தள்ளி, நம்ம ஊர்லயே வேலை பார்த்து கொஞ்சம் சேர்த்துகிட்டு கிளம்பட்டும், அதோட ஜெர்மன் மொழியையும் பி1ங்கற நடுத்தர லெவல் வரைக்கும் முடிச்சுட்டா வந்த உடனே கிடைக்கிற வேலையும் மாறும்.

இப்படிக்கு,
ஒரு மாணவி, லைப்சிக், ஜெர்மனி