ஆக்சிஜனைக் குறைக்கும் முன்

கண்ணு,

பவர் பிளாண்ட் பாய்லருக்காக நீ செய்த கம்ப்யூட்டர் மாடலின் கிராஃபை அப்பாவிடமும் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் ராத்திரி வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்லர் புகையில் ஆக்சிஜன் நாலரை சதவீதம் இருக்கிறது, மூன்றரைக்கு இறக்கலாம் என்கிறதாம் உன் மாடல். நல்ல யோசனைதான். தேவைக்கு மேல் காற்றைச் சூடாக்கிப் புகைபோக்கியில் விடுவது வீண். குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும், ஃபேன் இழுக்கும் கரண்டும் குறையும். 210 மெகாவாட் யூனிட்டில், கிலோவுக்கு 3,500 கிலோகலோரி சூடு தரும் நிலக்கரி என்றால், மணிக்குச் சுமார் 150 டன் எரியும். அந்த நிலக்கரியில் ஒரு சதவீதம் மிச்சமானாலே ஒரு நாளைக்கு 36 டன். கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 50 டன் குறையும்.

அளவுக்கு மீறி இறக்கினால் கரி எரியாமல் சாம்பலோடு போகும், ஃபர்னஸில் சாம்பல் உருகிக் கட்டியாகி கிளிங்கர் பிடிக்கும். எரியாத கரியின் கணக்கு எங்களைப் போன்ற லேப்காரர்களிடமிருந்துதான் வரும். உனக்கு ஆக்சிஜன் அளவு நொடிக்கு நொடி வருகிறது. அன்பர்ன்ட், அதாவது எரியாத கரியின் அளவு, எப்படி வருகிறது தெரியுமா? காலையில் ஈஎஸ்பி ஹாப்பரில், அதாவது புகையிலிருந்து பிடித்த சாம்பல் சேரும் தொட்டியில், சாம்பல் எடுப்பார்கள். ஒரு கிராம் நிறுத்து, குரூசிபிள் என்ற சின்னக் கிண்ணத்தில் போட்டு, மஃபிள் ஃபர்னஸ் என்ற லேப் உலையில் வைத்து, ஈரம் புகாத டெசிக்கேட்டரில் ஆறவிட்டு மறுபடி நிறுப்போம். குறைந்த எடைதான் எரியாத கரி. சாம்பல் கறுத்திருந்தால் நிறுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும், அது வேறு கதை. ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சாயங்காலம் ஆகிவிடும். கம்ப்யூட்டர் பதிவு செய்வதும் அந்த நேரத்தைத்தான். நடுவில் சோலார் கரண்ட் ஏறியதால் லோடை, அதாவது யூனிட் தரும் கரண்டை, 55 சதவீதத்துக்கு இறக்கியிருப்பார்கள். காலைச் சாம்பலை நாலு மணி ஆக்சிஜனோடு ஜோடி சேர்த்தால் உன் மாடல் தப்புப் பாடம்தான் படிக்கும். சாம்பிள் எடுத்த நேரம் லேப் ரிஜிஸ்டரில் கையால் எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்கு.

லோடு குறையும்போது ஆக்சிஜன் சதவீதம் ஏறத்தான் செய்யும். ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சக் காற்று கொடுத்தே ஆக வேண்டும். அதை வீண் கணக்கில் சேர்த்துவிடாதே.

இன்னொன்று. ஆக்சிஜனை அளக்கும் ப்ரோப் இருப்பது எக்கனமைசருக்குப் பின்னால், அதாவது புகைச் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் குழாய்களைத் தாண்டி. பழைய பாய்லரில் கேசிங் என்ற வெளிச்சுவரின் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கும். பர்னர் பக்கமே போகாத அந்தக் காற்றையும் ப்ரோப் எண்ணிக்கொள்ளும். இடது ப்ரோப்புக்கும் வலது ப்ரோப்புக்கும் எப்போதும் ஒரே பக்கமாக வித்தியாசம் வந்தால் சந்தேகப்படு. அப்படியிருந்தால் உன் மாடலுக்கு முன்னால் அங்கே ஒரு வெல்டர் போக வேண்டும்.

2015 டிசம்பர் விதிப்படி, 2003க்கு முந்தைய யூனிட்டுக்கு நைட்ரஜன் ஆக்சைடு ஒரு கனமீட்டர் புகைக்கு 600 மில்லிகிராம் வரை போகலாம். "வரம்புக்குள்தானே இருக்கிறோம்" என்பார்கள் பிளாண்ட்காரர்கள். நீ நிலக்கரி மிச்சத்தைச் சொல்லு, காது கொடுப்பார்கள்.

அடுத்த மாதம் அங்கே போகும்போது நைட் ஷிப்டில் டெஸ்க்கில் உட்கார்ந்து பாய்லரை ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார். ஏன் நாலரையிலேயே வைக்கிறார் என்று கேள். ஈர நிலக்கரி வந்த நாளில் ஏதாவது பட்டிருப்பார். சொன்னதை எனக்கும் எழுது.

அம்மா