உன் லென்ஸ் இப்போது என் கேமராவில்

கும்பகோணம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் கையில் கிடைத்தது. வலது கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதையும், வெள்ளை மறுபடியும் வெள்ளையாகத் தெரிகிறது என்று நீ எழுதியிருந்ததையும் இரண்டு முறை படித்தேன். வீட்டில் அனைவரும் நலம். மகள் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இருபது ஆண்டு பழைய டிஜிட்டல் கேமராவை இந்த வயதில் ஏன் வாங்கினாய் என்றும், டிஜிட்டல் என்று ஆகிவிட்ட பிறகு கைக்கு அதில் என்ன வேலை இருக்கப்போகிறது என்றும் கேட்டிருந்தாய். கைக்கு வேலை இருக்கிறது என்பதற்காகவே அதை வாங்கினேன். பிலிமை விட்ட நாளிலிருந்து எனக்குள் ஏதோ குறைந்துபோனதாக உன்னிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். இருட்டறையின் ஹைப்போ மருந்து வாசனையும் சிவப்பு விளக்கும்தான் அந்தக் குறை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை என்று இந்த எட்டு மாதங்களில் தெரிந்துகொண்டேன். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பு தூரத்தையும் வெளிச்சத்தையும் நானே கணித்து, கையால் வைத்து, அதற்கு நானே பொறுப்பேற்றுக்கொள்ளும் அந்தச் சில நொடிகளைத்தான் நான் இழந்திருந்தேன்.

நான் வாங்கியது எப்சன் ஆர்-டி1எஸ். எப்சன் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ஆர்-டி1தான் உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது இரட்டை உருவத்தைக் கையால் ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் வகை. 2006-ல் வந்த அதன் அடுத்த வடிவம் என்னுடையது. ஜப்பானின் கோசினா தயாரித்த ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா என்னும் பிலிம் கேமராவின் உடலை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனியின் லைக்கா நிறுவனத்து எம் வகை லென்ஸ்கள் பொருந்தும்படி அதைச் செய்தார்கள். பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்கும் சென்சாரில் 61 லட்சம் பிக்சல்தான் என்று நீ முகம் சுளிக்கலாம். ஆனால் 12 அங்குல நீளத்துக்கு அச்சிட்டாலும் ஓர் அங்குலத்துக்கு 250 புள்ளிகள் கிடைக்கின்றன. நம் இருட்டறையில் அதைவிடப் பெரிய பிரிண்டை நாம் எத்தனை முறை போட்டிருப்போம்? லைக்கா நிறுவனமே 2006-ல் எம்8, 2009-ல் முழு பிலிம் அளவு சென்சாருடன் எம்9, பிறகு 2016-ல் பின்திரையே இல்லாத ஒரு மாதிரி என்று வரிசையாகக் கொண்டுவந்தது. அவை என் பென்ஷனுக்கு எட்டாதவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த எப்சனில் இருக்கும் ஒரு லீவர்.

பிலிமை நகர்த்துவதற்கு நாம் கட்டைவிரலால் தள்ளுவோமே, அதே லீவர் இதிலும் இருக்கிறது. நகர்த்துவதற்குப் பிலிம் இல்லையென்றாலும் ஷட்டரின் ஸ்பிரிங்கை அதுதான் ஏற்றுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை இழுத்தாக வேண்டும். இழுக்காவிட்டால் கேமரா பேசாமல் இருக்கும். ஒரே நொடியில் பத்துப் படம் எடுத்து அவற்றில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளும் வழி இங்கே இல்லை என்பதால், எடுக்கப்போகும் ஒரு படத்தை முன்கூட்டியே முடிவு செய்யும் பழக்கம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. மேல்தட்டில் கைக்கடிகாரத்தைப் போன்ற ஒரு வட்டமும் முட்களும் இருக்கின்றன; மிச்சப் படங்களின் எண்ணிக்கையைப் பெரிய முள்ளும், பேட்டரி முதலியவற்றைச் சிறிய முட்களும் காட்டுகின்றன. பின்திரையைத் திருப்பி உடலோடு மடித்துவிட்டால் கண்ணாடி உள்பக்கம் போய்விடும். நான் காலையில் அதை மடித்து வைத்தால் இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கிறேன். எடுத்தவுடன் திரையைப் பார்க்கிறவன் எதிரில் நடப்பதைப் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வியூஃபைண்டரைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில் கண்ணை வைத்த முதல் நாள் உன் நினைவுதான் வந்தது. அதில் உருவம் சிறுக்காமலும் பெருக்காமலும் நிஜ அளவிலேயே தெரிகிறது. இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டால், வலது கண் பார்ப்பதும் இடது கண் பார்ப்பதும் ஒன்றாகிவிட, படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைச் சட்டக்கோடு மட்டும் தெருவின் மேல் மிதப்பதுபோல் நிற்கிறது; சட்டத்துக்குள் நுழையப்போகிறவர் நுழைவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடுகிறார். நடுவில் உன் பழைய ரஷ்ய பிலிம் கேமரா ஸோர்க்கியில் இருந்ததைப் போலவே ஒரு சிறு கட்டம், அதற்குள் இரட்டை உருவம். லென்ஸைத் திருப்பத் திருப்ப, அதன் பின்பகுதி உடலுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவில் இரண்டாவது உருவம் பக்கவாட்டில் நகர்ந்து முதல் உருவத்தின் மேல் வந்து அமர்கிறது. இரண்டும் ஒன்றான இடத்தில் ஃபோகஸ் சரி.

சென்ற மாதம் திருபுவனத்தில் ஒரு பட்டு நெசவாளரின் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். குழித்தறியின் முன்னால் அவர் அமர்ந்திருக்க, நான் பாவு இழைகளை மேலும் கீழும் பிரிக்கும் விழுதுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் முகத்தைப் பிடிக்கப் பார்த்தேன். விழுது நூல்கள் ஒரே மாதிரியாக, ஒரே இடைவெளியில், செங்குத்தாகத் தொங்குகின்றன அல்லவா? நடுக்கட்டத்தில் ஒரு நூலின் இரண்டாவது உருவம் தன்மேல் வந்து அமர்வதற்குப் பதிலாகப் பக்கத்து நூலின்மேல் அமர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு எல்லாம் அழகாக ஒன்றிவிட்டதுபோல் தெரியும்; ஃபோகஸோ வேறெங்கோ இருக்கும். முதல் நாள் எடுத்தவற்றில் பாதி அப்படியே போயின. மறுநாள் நூலை விட்டுவிட்டு, அவருடைய மூக்குக்கண்ணாடியின் செங்குத்தான விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஊடை நூலை அடித்துச் சேர்க்க அச்சுப்பலகையைத் தன் பக்கம் இழுக்கும்போது அவர் தலை ஒரு சாண் முன்னால் வந்து ஒரு கணம் நின்று பின்னால் போகும். அந்த ஒரு கணம் நிற்கும் இடத்துக்கு ஃபோகஸை வைத்துவிட்டு, லீவரை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாடா ஓடும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் என் ஷட்டரின் சத்தத்தை மூடிக்கொண்டன. இதன் ஷட்டர் பழைய துணி ஷட்டரைப் போல மெதுவாகப் பேசாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இத்துடன் வைத்திருக்கும் படம் அதுதான். அதை எடுத்த லென்ஸ் எது தெரியுமா? 1981-ல் உன் ஸோர்க்கியின் ஷட்டர் பழுதானபோது நீ கழற்றி என்னிடம் கொடுத்தாயே, அந்த ஜூபிட்டர்-8. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கிடந்தது. ஸோர்க்கியில் லென்ஸ் பொருந்தும் 39 மி.மீ. திருகு வாய்க்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. தூரம், லைக்கா எம் வாய்க்கு அது 27.8 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஒரு மி.மீ. என்பதால், ஒரு மி.மீ. கனமுள்ள வளையத்தை நடுவில் வைத்தால் உன் லென்ஸ் எப்சனில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்துவிடுகிறது. லென்ஸின் திறப்பை மாற்றும் அப்பெர்ச்சர் வளையம் இப்போதும் எந்த எண்ணிலும் டக்கென்று நிற்காமல் வழுக்கிக்கொண்டேதான் போகிறது. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது; ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 2-ல் எடுத்தால் ஃபோகஸ் சற்று விலகுகிறது; எஃப் 4-க்கு வந்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் ஒரு பிலிம் சுருளும் ஒரு வாரமும் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சுவரில் அளவுநாடாவை ஒட்டிவைத்து முடித்துவிட்டேன். டிஜிட்டலின் பயன் இந்த மாதிரிச் சோதனைகளில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தெருவில் நடக்கும்போது மட்டும் ஃபோக்ட்லாண்டரின் 35 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொள்கிறேன். சென்சார் பிலிமைவிடச் சிறியது, 23.7-க்கு 15.6 மி.மீ. என்பதால் அது ஏறக்குறைய நம் பழைய 50 மி.மீ. லென்ஸைப் போலப் பார்க்கிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எங்கிருந்து எங்கு வரை தெளிவாக விழும் என்று லென்ஸின் மேல் பொறித்திருக்கும் கோடுகள் பிலிம் அளவுக்குப் போட்டவை. அவற்றை அப்படியே நம்பினால் சிறிய சென்சாரில் அந்தத் தூரத்தின் இரு எல்லைகளிலும் இருப்பவை மங்கும். எஃப் 8-ல் எடுக்கும்போது 5.6-க்கான கோடுகளுக்குள் இருப்பதை மட்டும் எண்ணிக்கொள்கிறேன். மூன்று மீட்டரில் வைத்து எஃப் 8-ல் விட்டால், சுமார் 2.2 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை நிற்கிறது. பெரிய கடைத்தெருவில் ஒருவரோடு பேசிக்கொண்டே எடுப்பதற்கு அது போதும். கட்டத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை.

வெளிச்சத்துக்கும் பெரும்பாலும் மீட்டரைப் பார்ப்பதில்லை. இதில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் வேகம், 200-க்குக் கீழே போக முடியாது. ஆகவே நல்ல வெயிலில் எஃப் 16-க்கு 250-ல் ஒரு பங்கு நொடி, எஃப் 8-க்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நாம் மனப்பாடம் செய்த கணக்கே நடக்கிறது. ஷட்டரின் உச்சவேகம் 2000-ல் ஒரு பங்கு நொடி என்பதால் வெயிலில் 5.6-க்கு மேல் திறக்க முடியாது. திறக்க வேண்டுமானால் சாம்பல் நிற ஃபில்டரைப் போட்டாக வேண்டும். ஆனால் பழைய பாடம் ஒன்றைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நிழலுக்கு வெளிச்சம் வை, வெண்மையை டெவலப் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஊட்டியில் தயாரான இண்டு பிலிமை வைத்துக்கொண்டு நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். சென்சாரில் அது நடக்காது. மகாமகக் குளக்கரையில் வெயிலில் நின்ற ஒரு பெரியவரின் வேட்டி, ஒரு மடிப்புக்கூடத் தெரியாமல் வெறும் வெள்ளைக் காகிதமாகப் போய்விட்டது. போனது போனதுதான், எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இப்போது வேட்டியின் மடிப்பைக் காப்பாற்றும்படி வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, நிழலை இரவில் கணினியில் தூக்கிவிடுகிறேன்.

வாங்கிய முதல் வாரத்தில் மனம் உடைந்துபோனதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் கோபுரக் கலசத்தைப் பார்த்து லென்ஸை முடிவிலிக்குத் திருப்பியபோதும் இரண்டு உருவங்கள் ஒன்றவில்லை. ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை மேலேயும் நின்றது. ஃபிளாஷ் பொருத்தும் இடத்திலுள்ள தகட்டைக் கழற்றினால் அடியில் சரிசெய்யும் திருகுகள் இருக்கின்றன. ஒரு சிறு திருகாணிச் சாவியோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து, கலசத்தைப் பார்ப்பதும் கால் சுற்றுத் திருப்புவதுமாக மாலை முழுவதும் போயிற்று. இருட்டுவதற்குள் ஒன்றாகிவிட்டது. ஃபோகஸ் பிழையை நானே பார்த்து நானே திருத்திக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் கேமரா ஒன்று என் கையில் இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

நீ திருவண்ணாமலைக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தாய். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாள்களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தார். அவர் கையிலிருந்ததும் ஒரு லைக்காவே. இந்த மண்ணின் வெயிலையும் கூரைக்குள் இருக்கும் இருட்டையும் ஒரு ரேஞ்ச்ஃபைண்டரால் பார்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நினைக்கும்போது, ஆசிரமத்தில் நீ எடுத்த படங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறது. அனுப்பு.

கண் சரியாகிவிட்ட பிறகு நீ இந்த எப்சனில் ஒரு நாள் படமெடுத்துப் பார்க்க வேண்டும். உன் ஸோர்க்கியில் கண்ணுக்கேற்பத் திருப்பிக்கொள்ள ஒரு சிறு லீவர் இருந்தது. இதில் அது கிடையாது, கண்ணுக்கேற்ற வில்லையைத் தனியாகத் திருகிப் பொருத்த வேண்டும். ஆகையால் மருத்துவர் இறுதியாக எழுதித் தரும் பவரை எனக்குத் தெரிவி, முன்கூட்டியே வாங்கி வைக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் 28 மி.மீ. சட்டம் முழுவதும் தெரியாது, 35-ம் 50-ம் தாராளமாகத் தெரியும். பரணில் இருக்கும் ஸோர்க்கியின் உடலையும் வரும்போது எடுத்து வா. ஷட்டரை ஏற்றாமல் வேகத்தைத் திருப்பாதே என்று அன்று நீ என்னைத் திட்டியது போல, இப்போது அதை யாரும் தொட்டுவிடாமல் ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வா. இங்கே பழைய கேமராக்களைப் பிரித்துப் பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். அவரால் முடிந்தால் லென்ஸை உனக்கே திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்