ஒகவாங்கோவுக்குப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி உங்கம்மா ஒரு மணி நேரம் போனில் பேசினாள். அமெரிக்காவில் படிக்கிற பெண் ஒரு பருவத்தை ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுக் காட்டில் படிக்கப் போகிறாள் என்பது அவளுக்கு இன்னும் மனசில் ஒட்டவில்லை. "சிங்கம் நடமாடுற இடத்துல துணிக் கூடாரத்துலயா தூங்குவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கூடாரத்தின் ஜிப்பை மூடிவிட்டு, இருட்டிய பிறகு தனியாக வெளியே வராமல் இருந்தால் பயமில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதைத் தவறாமல் செய். தண்ணீர் ஓரத்தில் நீர்யானைக்கு வழிவிடு. மலேரியா மாத்திரையை ஒரு நாளும் மறக்காதே. பாதுகாப்பைப் பற்றி இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. காட்டுநாய்களையும் யானைகளையும் பக்கத்தில் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். பார்ப்பாய். ஆனால் உன் நாட்களில் பெரும்பகுதி எண்ணுவதில்தான் போகும். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் ஏறி, போன வாரம் போன அதே பாதையில், அதே வேகத்தில் போவீர்கள். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். கை விறைத்துப் போகும், கையுறை எடுத்துக்கொள். ஒரு மான் கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று ஷீட்டில் எழுத வேண்டும். டிரான்செக்ட் என்று சொல்வது இதைத்தான்.

2014-இல் நான் போனபோது இந்த வேலையில் ஒரு தப்பு செய்தேன். மூன்றாவது வாரம். மோப்பானே மரங்களுக்குள் இம்பாலா மான்கள் நின்றன. தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் ஒவ்வொரு முறையும் குறுக்கே இருந்த கிளையைத்தான் காட்டியது. கண்ணளவில் 100 மீட்டர் என்று எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு 50. அதற்கடுத்ததற்கு மறுபடியும் 100. சாயங்காலம் எல்லா அளவுகளையும் வரைபடமாகப் போட்டபோது 50-லும் 100-லும் மட்டும் இரண்டு தூண்கள் தனியாக எழுந்து நின்றன. எங்கள் ஆசிரியை அந்தத் தூண்கள் மேல் விரலை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் நீக்க வேண்டியதாயிற்று.

ஏன் இவ்வளவு கறார் என்றால், தூரம் கூடக்கூட நம் கண்ணுக்குத் தப்புகிற விலங்குகளும் கூடும். எந்தத் தூரத்தில் எத்தனை கண்ணில் பட்டன என்பதை வைத்துத்தான் தப்பிப்போனவற்றையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். அந்தத் தூரமே பொய்யாக இருந்தால் அதிலிருந்து வருகிற மதிப்பீடும் கோணிவிடும். அப்புறம், ஒன்றுமே கண்ணில் படாத நாட்களும் வரும். அன்றைக்குக் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பூஜ்யம் என்று எழுது. வெற்றிடமாக விட்டால், அன்றைக்கு விலங்கு இல்லையா, நீ போகவே இல்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

ஜீப்பின் முன்பக்கத்தில், பானெட் மேல் பொருத்திய இருக்கையில், ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து வருவார். தடம் பார்ப்பவர். எங்களோடு வந்தவருக்கு உன் அப்பிச்சி வயசு இருக்கும். அவர் கையைத் தூக்கினால் வண்டி நிற்கும். எல்லோரும் இறங்கி மண்ணில் குனிவோம். சாய்வான வெயிலில் தடத்தின் விளிம்பு நிழலோடு தெரியும், அதனால்தான் காலையிலேயே போவது. சிறுத்தையின் தடத்தில் நகம் பதியாது, பின்பக்க மெத்தையில் மூன்று மேடுகள் தெரியும். கழுதைப்புலி என்றால் நகம் பதிந்திருக்கும். இதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துவிடலாம். அவர் பார்த்தது வேறு. தடத்துக்கு மேலே ஒரு வண்டு ஊர்ந்து போன கோட்டைக் காட்டினார். அந்த வண்டு ராத்திரியில் நடமாடுவது, ஆகவே சிறுத்தை அதற்கு முன்பே போய்விட்டது என்றார். அவரிடம் கேள்வி கேட்கும் முன் "டுமேலா ரா" என்று வணக்கம் சொல். பெண்களுக்கு "டுமேலா மா". நம் ஊரில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்காமல் விஷயத்துக்கு வர மாட்டோமே, அதுபோலத்தான் அங்கேயும்.

உன் காலம் சரியாக அமைந்தால் ஒகவாங்கோ ஆற்றில் தண்ணீர் வருவதையும் பார்ப்பாய். அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, நமீபியாவின் ஒரு மூலையைக் கடந்து, போட்ஸ்வானா மணலுக்கு வந்து சேர மாதக்கணக்காகும். சரிவு அவ்வளவு குறைவு. உள்ளூரில் மழையே இல்லாத வறண்ட காலத்தில் வெள்ளம் வருகிறது. அந்த ஆறு கடலுக்கே போகாது, மணலிலும் வெயிலிலும் செடிகளிலும் தீர்ந்துவிடும். நொய்யலில் புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக வருவதைப் பார்த்தவள் நீ. இது அப்படி இல்லை. காய்ந்த ஓடைப் பள்ளத்தில் ஒரு விரல் ஆழத் தண்ணீர், சருகையும் தூசியையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்தது. ஒரு குழியை நிரப்பும்வரை நின்றது, பிறகு நகர்ந்தது. அதற்கு முன்னால் எறும்புகளும் பூச்சிகளும் ஓடின, அவற்றைக் கொத்தப் பறவைகள் கூடவே நடந்தன. நான் குனிந்து அதன் முன்னால் கையை வைத்தேன். விரல்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நாங்கள் முகாமில் இருந்த அந்த ஜூன் மாதம்தான் யுனெஸ்கோ ஒகவாங்கோவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் 1000-ஆவது இடம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன. ஆற்றோரக் கிராமங்களில் சோளம், கம்பு, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். உலர்ந்த யானைச் சாணியில் மிளகாயை இடித்துக் கலந்து, விதைத்த காட்டின் ஓரத்தில் மூட்டம் போட்டு, அந்தக் காரப் புகையில் யானையைத் தடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா தன் சோளக்காட்டைக் காட்டினார். தட்டு மிதிபட்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அப்பிச்சி தோட்டத்தில் வாழை சாய்ந்து கிடந்த காலையில் அமுச்சி எப்படி நின்றாளோ, அந்த அம்மாவும் அப்படியே இடுப்பில் கையை வைத்து நின்றார்.

அந்த வருஷம் ஜனவரியில்தான் வேட்டைக்குத் தடை வந்திருந்தது. முகாமில் நாங்கள் எல்லோரும் அதைக் கொண்டாடினோம். ஊரில் கொண்டாடவில்லை. வேட்டைக்காரர்கள் கொடுத்த பணமும் இறைச்சியும் நின்றுபோனதைச் சொன்னார்கள், யானை கிட்டே வருவதைச் சொன்னார்கள். 2019-இல் தடையை எடுத்துவிட்டார்கள். விளையாட்டுக்காக யானையைச் சுடுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் சோளக்காட்டில் நின்றவரிடம் கேட்காமல் நான் இதில் தீர்ப்புச் சொல்வதில்லை. உன் வகுப்பிலும் இந்தப் பேச்சு வரும். வாயைத் திறக்கும் முன் ஒரு கிராமத்துக்காவது போய்விட்டு வா.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள். நீங்கள் எண்ணுகிற எண்ணிக்கை யாரிடம் போய்ச் சேருகிறது? உங்களோடு வேலை செய்கிற அங்கத்திய ஆட்கள் யார்? தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால் வேறு திட்டத்தைப் பார். செலவு சின்னதல்ல, உங்கப்பா கடன் வாங்கித்தான் கட்டப்போகிறார்.

சரி, பென்சில் நிறைய எடுத்துக்கொள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். தண்ணீர் வந்த அன்றைக்கு எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளத்தில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி