ஏ.டபிள்யூ.எஸ். மறுதேர்வு எழுதுவோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ்த் தேர்வில் சென்ற முறை தேர்ச்சி பெறாத நம் உறுப்பினர்களுக்கான ஆயத்தக் கூட்டம், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் காணொளி வழியாக நடைபெறும். நானும் முதல் முயற்சியில் தேறாதவன். மறுநாளே பழைய குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கி இரண்டு வாரங்களை இழந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

1. மதிப்பெண் அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். தேர்ச்சிக்கு 1000க்கு 720 தேவை என்றாலும், எந்தப் பிரிவில் மேம்பாடு தேவை என்று அதில் குறிக்கப்பட்டிருப்பதே மொத்த மதிப்பெண்ணைவிட நமக்கு முக்கியம். பாதுகாப்புப் பிரிவுக்கு மட்டும் 30 விழுக்காடு இருப்பதால், அதில் பின்தங்கியவர்கள் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

2. 14 நாள்கள் காத்திருந்த பிறகே மீண்டும் எழுத முடியும். அவசரப்பட்டு 15ஆம் நாளுக்கே பதிவு செய்யாதீர்கள்.

3. 130 நிமிடங்களில் 65 கேள்விகள் என்ற கணக்கில் ஒரு மாதிரித் தேர்வைச் சனிக்கிழமைக்குள் எழுதி, ஒவ்வொரு தவறான விடையையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரியில் குறித்து வாருங்கள்.

4. உண்மையான தேர்வில் வந்த கேள்விகளை இங்கே பகிரக் கூடாது, அது விதிமீறல்.

கலந்துகொள்வோர், தங்களுக்குக் கடினமான பிரிவின் பெயரையும் சேர்த்து, வெள்ளிக்கிழமை இரவுக்குள் பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.